கல்லூரிப் பணியும் சிந்தாமணிப் பதிப்பும்

ஆதிபகவனாகிய விருஷபதேவர், கற்பக மரங்களின் காலம் கழிந்து கருமபூமியின் காலம் தொடங்கியபோது, மக்கள் பிழைக்கும் வழியாக அறுதொழில்களைக் கற்பித்தருளினார் என்று நம் புராணங்கள் கூறும். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்பன அவை. வாளேந்திக் காத்தலும், எழுதுதலும், உழுதலும், கற்பித்தலும், விற்றல் வாங்கலும், கைவினையும் என்று எளிய தமிழிற் சொல்லலாம். இவற்றுள் ஒருவர் ஒன்றையே பற்றி நிற்க வேண்டும் என்ற நியதி இல்லறத்தார்க்கு எக்காலத்தும் இருந்ததாகத் தெரியவில்லை. பகலிற் பள்ளியாசிரியராகவும் காலை மாலைகளில் நெல்லும் மணிலாவும் விளைவிப்பவராகவும் வாழ்வோரைத் தொண்டை மண்டலத்துச் சமண ஊர்களில் இன்றும் காணலாம். ஒரு கை சம்பளத்தைப் பற்றியிருக்க, மறு கை வேறொன்றை முயல்வது நமக்குப் புதிதன்று.

கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு இவ்வாறு இரண்டு கைகளாலும் உழைக்கத் தொடங்கிய ஒருவரின் வரலாறு, அவர் பிறப்பால் சைவ அந்தணராயினும், நம் சமயத்தோடு பிரிக்க இயலாதபடி பிணைந்தது. வித்தை அவர்க்கு உத்தியோகம். மசி அவர் தாமே மேற்கொண்ட சுமை. அச்சுமையை இறக்கி வைப்பதற்காக வாணிஜ்யமும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவர் உத்தமதானபுரம் வே. சாமிநாதையர். அவர் முதலில் அச்சிட்டுத் தந்த பெருநூல், நம் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணி.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, அவர் 1876இல் மறைந்த பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்திலேயே தங்கி, மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்தார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற எண்ணியபோது, தம்மிடத்துக்கு இவரே தக்கவர் என்று பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் இவர் அப்பணியை ஏற்றார். மாதச் சம்பளம் 50 ரூபாய். கடனிலும் ஊர்மாற்றத்திலும் நாள்களைக் கழித்த ஓர் இசைவாணரின் குடும்பத்துக்கு, மாதந்தவறாமல் வரும் அத்தொகை பெருநிம்மதியை அளித்தது. இத்துடன் அமைந்திருந்தால், மாணவர் போற்றிய நல்லாசிரியர் ஒருவர் என்ற அளவில் அவர் பெயர் கல்லூரிப் பதிவேட்டில் நின்றிருக்கும்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமையன்று, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்ன என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், புராணங்கள் என்று இவர் நீண்டதொரு பட்டியலை அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்ற பொருள்பட அவர் கேட்டார். அந்நூலின் ஏடு தமக்குக் கிடைக்கவில்லை என்பதே இவர் தரக்கூடிய விடையாக இருந்தது. சில நாள்களில் முதலியாரே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டிக்கொண்டார். அந்நாள் வரை சிந்தாமணியில் அச்சேறியிருந்தது நாமகள் இலம்பகம் ஒன்றே. அதனை 1868இல் பவர் என்னும் கிறித்தவப் பாதிரியார் வெளியிட்டிருந்தார். பதின்மூன்று இலம்பகங்களில் எஞ்சிய பன்னிரண்டும் ஏட்டுச் சுவடிகளிலேயே கிடந்தன.

படிக்கத் தொடங்கியதும், கற்றுத் துறைபோன புலவர்க்கும் நூல் வழிவிடவில்லை. செய்யுளின் கடுமையை நச்சினார்க்கினியர் உரை ஓரளவு போக்கியது. ஆயின் அவ்வுரையே சமண சமயக் கருத்துகளைத் தெரிந்தவர்க்குச் சொல்வதுபோற் சுருக்கமாகச் சொல்லிச் செல்வது. சித்தர் என்னும் ஒரு சொல் போதும், அவர் எதிர்கொண்ட இடரை விளக்க. நூலின் முதல் வாழ்த்து சித்தரையும் அடுத்த வாழ்த்து அருகரையும் போற்றுவன. சைவ மரபில் வளர்ந்தவர்க்குச் சித்தர் என்றால் மருந்தும் யோகமும் அறிந்த மலைவாழ் பெரியோர் நினைவுக்கு வருவர். எண்வினையும் கெட்டு உலகத்தின் உச்சியில் நிற்கும் முத்தான்மா என்ற பொருள், சரணம் நான்கினையும் நாள்தோறும் சொல்லும் நம் வீட்டுச் சிறுவர்க்குத் தெரியும்; அகராதி பார்த்த புலவர்க்குத் தெரியாது. நச்சினார்க்கினியரே முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சிற்றாமூருக்குச் சென்று சமண நூல்களைப் பயின்று திரும்பி, மீண்டும் உரை எழுதினார் என்றொரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வழியில் இன்னொரு சைவர் நடக்க நேர்ந்தது.

அவர் சிற்றாமூர் வரை செல்ல வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. நண்பர் ஒருவர் வழிகாட்ட, அங்கிருந்த சமண அன்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றபோது, வாயிலில் தோரணம் கட்டி விழாக்கோலம் செய்திருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவெய்தியது என்று விடை வந்தது. ஊர் முழுதும் தேடிப் பொருள் விளங்காது தாம் தவித்த நூலை, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பத்தார் பாராயண நூலாக வைத்து முறையாகப் படித்து முடித்திருந்தனர் என்பதை அறிந்தபோது அவர்க்கு எழுந்த வியப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏடு மறைந்துவிட்டது, நூல் அழிந்துவிட்டது என்று அறிஞர் வருந்தும்போதெல்லாம், அந்நூல் யார் வீட்டில் உயிரோடிருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகின்றனர்.

அவ்வன்பர்களுள் சந்திரநாத செட்டியார் முதன்மையானவர். கல்லூரி வேலை முடிந்த பின்னர்ச் சாமிநாதையர் அவரை நாடிச் சென்று ஐயங்களை எழுப்புவதும், அவர் ஆகம வழக்கை விளக்குவதும் வழக்கமாயின. ஒருநாள் அவ்வீட்டு மகளிர், வேற்றுச் சமயத்தார் ஒருவர் இத்துணை ஆர்வத்தோடு நம் நூலைக் கேட்கிறாரே, இவர் பவ்யரோ என்று வினவ, பவ்யஜீவனே என்று செட்டியார் விடையிறுத்ததாகச் சாமிநாதையர் தம் வரலாற்றில் மகிழ்ச்சியோடு குறித்துள்ளார். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரைப் பவ்யம் என்பது நம் மரபு. பிற்காலத்தில் அவர் பெற்ற மகாமகோபாத்தியாய முதலிய பட்டங்களுக்கெல்லாம் முன்னதாக, கும்பகோணத்துச் சமண இல்லம் ஒன்றில் அவர்க்குக் கிடைத்த பட்டம் இது.

கற்பது ஒன்று, பதிப்பிப்பது வேறொன்று. பதிப்பு வேலையில் இறங்கும் எண்ணம் உறுதிப்படும் முன்பே அவர் ஒரு சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அக்காலத்துப் பதிப்பாசிரியருள் முன்னவர். அவரும் உத்தியோகத்தின் நடுவே இப்பணியைச் செய்தவரே. அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881இல் வீரசோழியத்தையும் வெளியிட்டவர். ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக அமர்ந்த அவர், சிந்தாமணிப் பிரதியைத் தம்மிடம் தந்துவிட்டால் தாமே அச்சிட்டுவிடுவதாகக் கேட்டார். அவர்க்கோ அனுபவம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, அச்சுக்கூடத்தாரின் பழக்கமும் இருந்தது. சாமிநாதையர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. வயதிலும் தகுதியிலும் மூத்தவர் வற்புறுத்தும்போது மறுப்பது எளிதன்று. ஆயினும் அவர் மறுத்தார். இம்மறுப்பைப் பிடிவாதம் என்று சிலர் கருதக்கூடும். தாம் சமண அன்பர்களிடம் அமர்ந்து சொல் சொல்லாகத் தெளிந்தவை, பிரதியோடு சேர்த்துக் கைம்மாற்றிக் கொடுக்கக்கூடியவை அல்ல என்பதை நினைத்தால் அது பிடிவாதமாகத் தோன்றாது. தாமோதரம் பிள்ளையும் இதனாற் சமண நூலைக் கைவிட்டாரல்லர். தோலாமொழித்தேவரின் சூளாமணியை 1889இல் அவர் பதிப்பித்தார். நமக்கு இரண்டு நூல்களும் கிடைத்தன.

இனிப் பணத்தின் கதை. மாதம் 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 600. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களையும் அவற்றின் உரையையும் கொண்ட நூலை அச்சிடுவதென்றால், காகிதம் வாங்க வேண்டும். அச்சுக்கூலி கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குத் தர வேண்டும். பிரதி தேடி ஊர் ஊராகச் சென்ற செலவு தனி. குடும்பத்தைப் பட்டினியிட்டாலும் அச்சம்பளம் இதற்குப் போதாது. அக்காலத்து நூல் வெளியீட்டில் வழங்கிய முறை, கையொப்பம் சேர்ப்பது. இன்ன நூல் இன்ன விலைக்கு வெளிவரும் என்று விளம்பரம் செய்து, வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பமும் இயன்றால் பணமும் பெற்று, அதனை முதலாகக் கொண்டு அச்சிடுவர். முதலில்லாதவன் செய்யும் வாணிகம் என்று இதனைச் சொல்லலாம். வாங்குவோரின் நம்பிக்கையே முதல். கையொப்பம் இட்டவர் அனைவரும் பணம் தந்துவிடுவர் என்பதற்கு உறுதியில்லை. நூல் குறித்த காலத்தில் வராவிடிற் பழி மட்டும் உறுதி.

இந்த நம்பிக்கையைத் திரட்டுவதில் நண்பர்கள் துணைநின்றனர். இராமசாமி முதலியார் அதற்குள் சென்னையில் உயர்நீதிமன்ற வழக்கறிஞராகியிருந்தார். இந்திய மக்களின் குறைகளை ஆங்கில வாக்காளரிடம் எடுத்துரைக்க 1885இல் இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவராகவும் புகழ்பெற்றிருந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பூண்டி அரங்கநாத முதலியாரும் கையொப்பம் சேர்த்துத் தந்தார். சாமிநாதையரின் உத்தியோகமும் இங்கே மறைமுகமாக ஒரு பயனைத் தந்திருக்க வேண்டும். நூலின் முகப்பில் அவர் பெயரோடு கும்பகோணம் காலேஜ் தமிழ்ப்பண்டிதர் என்ற நிலையும் சேர்ந்து வந்தது. அறியாத ஊரில் அறியாத ஒருவர் பணம் அனுப்புவதற்கு, அரசாங்கக் கல்லூரியின் பெயர் சிறிதளவேனும் பிணையாக நின்றது. அச்சம்பளம் நூலை அச்சிடப் போதவில்லையாயினும், அவ்வேலை இல்லாதிருந்தால் அச்சிடவே இயன்றிராது.

பணத்தினும் அரியது காலம். அச்சுக்கூடமோ சென்னையில், கல்லூரியோ கும்பகோணத்தில். திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் 1886இல் வேலை தொடங்கியது. விடுமுறை விட்டவுடன் சென்னைக்கு இரயிலேறுவதும், விடுமுறை முடியும் நாளில் வகுப்புக்குத் திரும்புவதும் அவர்க்கு வழக்கமாயின. இடைப்பட்ட மாதங்களில் ‘புரூப்’ தாள்கள் தபாலில் வந்து தபாலிலேயே திரும்பின. இதன் இடர், அச்சுத் தொழில் அறியாதார்க்கு விளங்காது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பாரத்தை முடித்து வைத்தால், அது திருத்தப்பட்டு அச்சாகும் வரை அவ்வெழுத்துகள் அங்கேயே பூட்டிக் கிடக்கும். அச்சான பின்னரே அவற்றைக் கலைத்து அடுத்த பாரத்துக்குப் பயன்படுத்தலாம். திருத்தம் ஒருநாள் தாமதித்தால் அச்சுக்கூடத்தின் முதல் ஒருநாள் முடங்கும். ஆகவே பகலெல்லாம் வகுப்பில் நின்று வந்தவர், இரவில் விளக்கின் முன்னே அமர்ந்து, மறுநாள் தபாலுக்கு முன் திருத்தி முடித்தாக வேண்டும். சென்னையிலிருந்த தமிழறிஞர் சிலர் அங்கே புரூப் பார்த்து உதவியதும் இச்சுமையைக் குறைத்தது.

அத்துடன் மூலமே திடமற்றது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட ஊகித்தே அறிய வேண்டும். ஒரு பிரதியிலுள்ள பாடம் மற்றொன்றில் வேறாக இருக்கும். இவற்றையெல்லாம் ஒப்புநோக்கி ஒரு முடிவுக்கு வருவதற்கு நாள் கணக்கு உண்டா? அச்சுக்கூடத்தாரோ நாள் கணக்குப் பார்ப்பவர்கள். கையொப்பமிட்டவர்களோ மாதக் கணக்குப் பார்ப்பவர்கள். புலமையின் நிதானத்தையும் வாணிகத்தின் விரைவையும் ஒருவரே தாங்க நேர்ந்தமையே இம்முயற்சியின் உண்மையான கடுமை எனத் தோன்றுகிறது.

1887 அக்டோபரில் சீவக சிந்தாமணி முழுதும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. முதலியாரைக் கண்ட நாளிலிருந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன. 25 வயதில் அந்த வினாவுக்கு விடை சொல்ல இயலாதிருந்தவர்க்கு இப்போது 32 வயது.

பாராட்டோடு தூற்றலும் வந்தது. சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடுவதா என்று சிலர் குறைகூறினர். சிந்தாமணியில் மனம் ஈடுபட்ட மன்னனைத் திருப்புவதற்காகவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்ற செய்தி சைவர் அனைவரும் அறிந்தது. அத்தகைய நூலையா மீண்டும் உலவவிடுவது என்பது அவர்கள் வாதம். பதிப்பிற் பிழை கண்டதாகக் கண்டனங்களும் அச்சாகிப் பரவின. மறுப்பெழுத முற்பட்டவரை, கல்லூரியில் உடனிருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். மறுப்புக்குச் செலவிடும் பொழுதை அடுத்த நூலுக்குச் செலவிடும்படி அவர் சொன்னது, காலத்தின் விலையை அறிந்தவர் சொல். இதனிடையே நாம் மறவாது குறிக்க வேண்டுவது ஒன்றுண்டு. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இம்முயற்சிக்கு ஒருநாளும் தடையாக நின்றாரில்லை. தம் மடத்துப் புத்தகசாலையின் ஏடுகளை அவர் தம் மாணவர்க்குத் திறந்தே வைத்திருந்தார்.

அடுத்த நூல் பத்துப்பாட்டு, 1889இல் வந்தது. சிலப்பதிகாரம் 1892இல். இராமசாமி முதலியார் மறைந்ததும் அவ்வாண்டே. புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903. இவையனைத்தும் கும்பகோணக் கல்லூரியின் வகுப்பறைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே உருவானவை. 1903இன் இறுதியில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். அச்சுக்கூடம் உள்ள ஊருக்கே வந்து சேர்ந்தமையால் தபாலில் அலைந்த புரூப் தாள்களின் துன்பம் தீர்ந்தது. 1919 வரை அங்கே பணியாற்றி ஓய்வு பெற்றார். அதாவது 39 ஆண்டுகள் ஒரு நாற்காலியில் அமர்ந்து ஊதியம் பெற்றுக்கொண்டே இன்னொரு தொழிலையும் இடைவிடாது நடத்தினார்.

அத்தொழிலில் அவர் செல்வம் சேர்த்தாரா? சிந்தாமணியின் முதற்பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடையே 20 ஆண்டுகள் ஓடின. இரண்டாம் பதிப்பு 1907இலும் மூன்றாம் பதிப்பு 1922இலும் வெளிவந்தன. இலாபம் கருதும் வணிகர் ஒருவர் விற்கும் சரக்கையே மீண்டும் மீண்டும் அச்சிட்டுப் பொருள் சேர்ப்பார். இவரோ ஒரு நூல் வெளிவந்ததும் எவரும் காணாத மற்றொரு நூலின் ஏட்டைத் தேடிப் புறப்பட்டார். வாணிகத்தின் கருவிகள் அனைத்தையும் கையாண்டு, வாணிகத்தின் நோக்கத்தை மட்டும் விட்டுவிட்டார் என்று சொல்வது மிகையாகாது. அவர் கடன்பட்டதும், கையொப்பம் கேட்டதும், விலை குறித்ததும், வாங்கியோர்க்கு நூலை அனுப்பிக் கணக்கு முடித்ததும் உண்மை வாணிகமே. அளவில் வஞ்சியாமையும் சொன்ன சொல் தவறாமையும் இல்லறத்தார்க்கு நம் ஆகமங்கள் விதித்தவை. கையொப்பமிட்டவர்க்குக் குறைவின்றி முழுநூலைத் தந்த அவர் அவ்விதியையும் காத்தவரே. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை என்னும் மற்றொரு சமணக் காப்பியம், ஓய்வுக்குப் பின்னர் 1924இல் அவர் கையால் வெளிவந்தது.

கும்பகோணக் கல்லூரியின் பெயர் சமணப் பதிப்பு வரலாற்றில் இன்னொரு முறையும் வருகிறது. இம்முறை வந்தவர் நம் குலத்தவரே. 1880ஆம் ஆண்டு, சாமிநாதையர் கல்லூரிப் பணியேற்ற அதே ஆண்டிற் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். பின்னர்க் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியின் முதல்வரானார். உத்தியோகக் கடமைகளுக்கு நடுவே குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் வெளியிட்டார். வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தை 1923இல் பதிப்பித்தார். திருப்பருத்திக்குன்றத்துக் குராமரத்தடியில் வழிபடுவோர் அம்முனிவரின் பெயரை அறிவர். வகுப்பறையில் மேனாட்டுத் தத்துவமும், வீட்டில் ஆருகத ஆகமமும் என அவருடைய நாளும் இரண்டாகப் பிரிந்திருந்தது.

நீலகேசி அப்போதும் அச்சேறாதிருந்தது. பிற சமயவாதிகளோடு நீலகேசி நடத்தும் வாதங்களே நூலாக அமைந்தமையின், சமண தருக்கமும் பௌத்த தருக்கமும் ஒருங்கே அறிந்தவரன்றி அதனைத் தொட இயலாது. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு அதனைச் சக்கரவர்த்தி நயினார் பரிசோதித்து, விரிவான ஆங்கில முன்னுரையும் எழுதி, கல்லூரி முதல்வர் பதவியில் இருந்துகொண்டே தாமே வெளியீட்டாளராகவும் நின்று 1936இல் கொணர்ந்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன்னர் 50 ரூபாய்ச் சம்பளத் தமிழ்ப்பண்டிதர் ஒருவர் சிந்தாமணிக்குப் புரூப் திருத்திய அதே ஊர்; அதே கல்லூரி.

அந்தத் தமிழ்ப்பண்டிதர் அப்போது 81 வயதில், சென்னைத் திருவல்லிக்கேணி வீட்டில், அடுத்த ஆண்டு வெளியிடுவதற்காகக் குறுந்தொகையின் பாரங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.